ஆதிமூலம்: கறுப்பு மையின் பக்கம்

கே.எம். ஆதிமூலத்தின் கதையை ஓவிய உலகம் ஒரே மாதிரிதான் சொல்லிவருகிறது. 1938இல் திருச்சி மாவட்டம் கீராம்பூரில் பிறந்தார். சென்னைக்கு வந்து, சிற்பி தனபாலின் ஆதரவோடு அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, 1966இல் படிப்பை முடித்தார். காந்தியையும் ராஜாக்களையும் கறுப்பு மையில் வரைந்து பெயர் வாங்கினார். அப்புறம் உருவத்தை விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்தில் அரூப ஓவியத்துக்குப் போனார். 2008 சனவரியில் மறைந்தார். இந்த வரிசைக்குள்ளேயே ஒரு மதிப்பீடு ஒளிந்திருக்கிறது. கோட்டோவியம் படிக்கட்டு, கான்வாஸ்தான் கோபுரம். பத்திரிகைகளுக்கு வரைந்த படங்களும் புத்தக அட்டைகளும் அந்தப் படிக்கட்டில்கூட இல்லை. எழுத்தாள நண்பர்களுக்குச் செய்த உபகாரமாக ஓரத்தில் கிடக்கின்றன.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. அவர் தொட்ட ஊடகங்களில் மிகச் சிறந்தது அச்சுத்தாள். அடுத்த இடம், அந்தத் தாளுக்குத் தகுந்த கோட்டோவியங்களுக்கு. எண்ணெய் வண்ணங்கள் மூன்றாவதாகத்தான் வரும். இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது என்பதும் தெரியும்.

பார்க்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் கீழ்பென்னாத்தூர் இருக்கிறது. சுற்றிலும் ஏரிப் பாசனமும் மல்லாட்டைக் கொல்லைகளும். சென்னையிலோ தில்லியிலோ கண்காட்சியில் மாட்டிய கான்வாஸ் இந்தப் பக்கம் வர வழியே இல்லை. வந்ததெல்லாம் அச்சில் வந்தது. சிற்றிதழ் தபாலில் வந்தது. ஜூனியர் விகடன் பஸ் நிலையக் கடையில் கயிற்றில் தொங்கியது. க்ரியா பதிப்பகம் போட்ட புத்தகம் யாராவது ஒரு வாத்தியார் வீட்டு அலமாரியில் இருந்தது. இப்படிப்பட்ட ஊரில் நவீன ஓவியம் என்று ஒருவர் முதலில் பார்த்தது ஆதிமூலத்தின் கோடாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் செய்தியை வைத்து மட்டும் ஒரு கலைஞனுக்கு மார்க் போட முடியாது. நிறையப் பேரைப் போய்ச் சேர்ந்தது என்பதற்காகக் காலண்டர் படத்தை யாரும் ரவி வர்மாவுக்கு மேலே வைப்பதில்லை. போய்ச் சேர்ந்த பொருள் எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி.

அதற்குப் பழைய அச்சகத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும். 1960களின் கடைசியில் 'நடை', அடுத்து 'கசடதபற' என்று சிற்றிதழ்கள் வந்தபோது அவை அச்சுக் கோத்து அடிக்கப்பட்டவை. படம் போட வேண்டுமானால் பிளாக் எடுக்க வேண்டும். புகைப்படம்போலச் சாம்பல் நிறச் சாயைகள் வர வேண்டுமென்றால் புள்ளிகளாகப் பிரித்து எடுக்கிற ஹாஃப்டோன் பிளாக். அதற்குச் செலவு கூடுதல், நல்ல தாளும் வேண்டும். லைன் பிளாக் மலிவு. ஆனால் அதில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் எதுவும் கிடையாது. கைக்காசைப் போட்டுப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு லைன் பிளாக்தான் கதி.

ஆதிமூலத்தின் பேனா இந்த ஏழ்மைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. அவர் சாம்பல் நிறத்தை மையில் தண்ணீர் கலந்து கொண்டுவருவதில்லை. மெல்லிய கோடுகளை நெருக்கியும் விலக்கியும் போட்டே இருட்டையும் வெளிச்சத்தையும் உண்டாக்குகிறார். மலிவான தாளில் மை பரவும். நெருங்கிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பிக்கொள்ளும். தேர்ந்த கை இதை முன்கூட்டியே கணக்கில் வைத்து, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் காற்று விடும். அவருடைய நல்ல படங்களில் அந்தக் காற்றைப் பார்க்கலாம். அடர்ந்த கறுப்புக்குள்ளேயும் ஊசிமுனை அளவு வெள்ளை தப்பி நிற்கிறது. அச்சில் வந்தபின் அந்தப் படம் தன் மூலத்தைவிடக் குறைந்துபோவதில்லை. எண்ணெய் ஓவியத்தின் அச்சுப்பிரதி எப்போதும் நிழல்தான். லைன் பிளாக்கில் அடித்த கோட்டோவியம் கிட்டத்தட்ட அசலேதான். சிற்றிதழை எட்டணாவோ ஒரு ரூபாயோ கொடுத்து வாங்கியவன் ஓவியத்தையே வாங்கினான் என்பது என் வாதத்தின் முதல் கால்.

இரண்டாவது கால், ராஜாக்கள்.

1970களை ஒட்டி அவர் வரைந்த மகாராஜா வரிசையை நான் தமிழ்நாட்டு நவீன ஓவியத்தின் உச்சங்களில் ஒன்றாகவே வைப்பேன். ஒரு ராஜாவை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம். கிரீடம் முதலில் கண்ணில் படும். அதன் வேலைப்பாடு எல்லாம் பொறுமையாக, கோடு கோடாகப் பின்னப்பட்டிருக்கும். கீழே மீசை, கழுத்தாரம், மார்பில் பதக்கம், இடுப்பில் வாள். இவ்வளவுக்கும் கை நிறுத்தி வேலை செய்திருக்கிறது. முகத்துக்கு வந்தால் கோடு அவசரப்படும், கிறுக்கும், கலையும். உடம்பு எங்கே முடிகிறது, பின்னால் இருக்கும் வெளி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நகைக்கு இருக்கிற உறுதி ஆளுக்கு இல்லை. அலங்காரத்தின் பாரத்தில் ராஜா உள்ளேயே கரைந்துகொண்டிருக்கிறான்.

முன்னாள் மன்னர்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தை இந்திய அரசு நிறுத்தியது 1971இல். அதை வைத்து இந்த வரிசையை அரசியல் கேலிச்சித்திரமாகப் படித்தவர்கள் உண்டு. கேலி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேலிச்சித்திரக்காரன் இவ்வளவு நேரம் பதக்கத்தில் செலவழிக்க மாட்டான். இந்தக் கோடுகளில் ராஜா மேல் ஒரு பிரியமும் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கள் பக்கத்து ஆளுக்குப் பதில் சொல்லக் கஷ்டமில்லை. கூத்து பார்த்தவன் கண்ணுக்கு இந்த ராஜாக்கள் அந்நியர் இல்லை.

திருவண்ணாமலை, செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்மடி. செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மேலச்சேரி கோயிலைத்தான் அந்த வழிபாட்டுக்கே மூலக்கோயிலாகச் சொல்வார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று ஊர் ஊராக நடக்கும். கட்டை கட்டி ஆடும் வேஷத்தில், கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டியவை. ஒல்லியான ஒரு ஆள் அதையெல்லாம் பூட்டிக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தால் துரியோதனன். விடியற்காலையில் அரிதாரம் வியர்வையில் வழிந்து முகம் கலைந்திருக்கும், கிரீடம் மட்டும் அப்படியே மின்னும். கடைசியில் படுகளம். ஊர்த் திடலில் மண்ணைக் குவித்து, தெருவை அடைக்கிற நீளத்துக்குத் துரியோதனனைப் படுக்க வைத்து, மீசை வைத்து, கிரீடம் வைத்து, வண்ணம் பூசி, பகல் முழுக்க அழகு பார்த்துவிட்டு, தொடையைப் பிளந்து, மிதித்து மண்ணாக்கிவிடுவார்கள். அவ்வளவு சிரத்தையாக அலங்கரிப்பதே உடைப்பதற்குத்தான். ஆதிமூலத்தின் மகாராஜாக்களில் நடப்பதும் இதுவேதான்: கவனமாகக் கட்டி, அதே கையால் கலைப்பது.

இதை அவர்மேல் கூத்தின் 'தாக்கம்' என்று நான் எழுதிவைக்கப் போவதில்லை. கீராம்பூர் வேறு பிரதேசம். ஆனால் கூத்து அவருக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. சிற்றிதழ்க் காலத்து நண்பர் ந. முத்துசாமி, செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைத் தேடிப் போனவர். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியவர். ஓவியர்களும் எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் அது. கூத்தின் ராஜா அந்தத் திண்ணையில் பேசப்படாமல் இருந்திருக்க மாட்டான். செஞ்சிக் கோட்டையை நிமிர்ந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தோன்றும். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செத்த தேசிங்கு ராஜன், சரித்திரத்தில் சில மாதங்கள் கோட்டையை வைத்திருந்த ஒரு இளைஞன். கதைப்பாடலில் அவன் பெரிய ராஜா. தோற்ற ராஜாவுக்கு மட்டுமே இந்த மண்ணில் பாட்டு கிடைக்கிறது. ஆதிமூலத்தின் கோடு அந்தத் தோல்வியின் கம்பீரத்தைப் பிடித்துவிட்டது. கேலியும் துக்கமும் ஒரே கோட்டில் ஓடுகின்றன. இப்படிச் செய்த வேறு ஒருவரை அவர் தலைமுறையில் எனக்குக் காட்ட முடியாது.

ஒரு குறை உண்டு. ராணிகள். ராஜாவைக் கலைத்த துணிச்சல் ராணியிடம் அவ்வளவாகச் செல்லவில்லை. பல படங்களில் அவள் நகை மாட்டும் உருவமாக நின்றுவிடுகிறாள். உள்ளே கரைவதற்கு அவளுக்கென்று ஒரு அதிகாரம் இருந்ததாக ஓவியர் நினைத்ததாகத் தெரியவில்லை.

காந்தி படங்களுக்கு வருவோம். 1969 காந்தி நூற்றாண்டு. ஏறக்குறைய நூறு கோட்டோவியங்களில் காந்தியின் வாழ்க்கையை வெவ்வேறு வயதில், வெவ்வேறு நிலையில் வரைந்தார். அவருக்கு முதலில் பெரிய பெயர் வாங்கித் தந்தவை இவைதான். சென்னைக்காரனுக்கு அப்போது இருந்த காந்தி, ராய் சௌத்ரி செய்து 1959இல் மெரினாவில் நின்ற வெண்கலக் காந்தி. நாடு முழுக்கத் தெரிந்த இன்னொரு காந்தி, தண்டி யாத்திரையை ஒட்டி 1930இல் நந்தலால் போஸ் லினோவில் வெட்டிய காந்தி: கறுப்புக்குள் வெள்ளைக் கோடாக, தடியூன்றி நடக்கும் உருவம். இரண்டுமே ஒரே அடியில் ஆளை நிறுத்திவிடுகிற முயற்சிகள். ஆதிமூலம் நூறு அடி எடுத்துவைத்தார். ஒரே முத்திரைக்குள் அந்த மனிதரை அடைக்க முடியாது என்பதே அந்த எண்ணிக்கையின் அர்த்தம். சில படங்களில் கோடுகள் வைக்கோலாகச் சிதறிக் கிடக்க, நடுவில் ஒரு மூக்கும் கண்ணாடியும் மட்டும் தேறுகின்றன. நமக்குள் இருக்கும் காந்தி மீதியை நிரப்பிக்கொள்கிறார். அது பெரிய கைத்திறன்.

ஆனாலும் ராஜாக்களுக்குக் கீழேதான் இவற்றை வைக்க வேண்டியிருக்கிறது. காரணம் பக்தி. ராஜாவைக் கலைத்த கை காந்தியைக் கலைக்கத் தயங்குகிறது. வடிவத்தில் எவ்வளவு சோதனை செய்தாலும், அந்த மனிதரை நோக்கி ஒரு கேள்விகூட எழவில்லை. நூற்றாண்டுக் கொண்டாட்டத்துக்கு வரைந்தவரிடம் கேள்வியை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். கொண்டாட்டம் முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. படங்கள் இப்போது தனியாக நிற்க வேண்டும்.

கரிசல் படங்கள் வேறு ரகம். 1980களில் ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் படம் போட்டார். அதுவரை தமிழ் வாரப் பத்திரிகையில் படம் என்றால் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கோபுலுவின் கோடு சிரிக்க வைக்கும். சில்பியின் கோடு கோயில் சிற்பத்துக்குப் பணிவிடை செய்யும். மற்றபடி, கதாநாயகி கதவோரம் நிற்பாள். கி.ரா. எழுதியதோ சம்சாரிகளையும் கிழவிகளையும் மாடுகளையும் மழை பெய்யாத வானத்தையும். ஆதிமூலம் அவர் சொன்ன சம்பவத்தைத் திரும்ப வரைந்து காட்டவில்லை. அந்த மண்ணின் தோலை வரைந்தார். கிழவியின் முகச் சுருக்கமும் வெடித்த நிலமும் ஒரே மாதிரிக் கோட்டில் வந்தன. செம்மண்ணில் மல்லாட்டை போடுகிற எங்கள் பக்கத்து வாசகனுக்குக் கோவில்பட்டி வட்டாரக் கரிசல் மண் எப்படி இருக்குமென்று தெரியாது. அந்தக் கறுப்பு மையில் தெரிந்தது. நியூஸ்பிரிண்ட் தாளில், விளம்பரத்துக்குப் பக்கத்தில், பல்லாயிரம் பிரதிகளில் இது நடந்தது. தமிழ்நாட்டில் நவீன ஓவியம் மன்னிப்புக் கேட்காமல் பொதுஜனத்தின் கைக்குப் போன தருணம் என்று நான் அதைச் சொல்வேன்.

புத்தக அட்டைகளையும் தலைப்பெழுத்துகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூரிகையால் அவர் எழுதிய தமிழ் எழுத்துகள், சினிமா போஸ்டரின் பருமனையும் சைன்போர்டின் வழவழப்பையும் உதறியவை. இன்று அட்டை வடிவமைக்கிற பலர், அவர் பெயர் தெரியாமலே, அவர் போட்ட தடத்தில் போகிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு அச்சுத்தாளின் தீமையையும் சொல்லியாக வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் வரைந்தார். கவிதைத் தொகுப்புக்கு, மலருக்கு, மாநாட்டு அழைப்புக்கு. எல்லாவற்றிலும் ராஜாக்களின் தீவிரத்தை எதிர்பார்க்க முடியாது. சில படங்களில் கோட்டுச் சிதறல் ஒரு பழக்கமாகிவிட்டது. எந்தக் கவிதைக்குப் பக்கத்தில் போட்டாலும் பொருந்தும், அதனாலேயே எதற்கும் பொருந்தாது. எழுத்தாளர்களின் முகங்களிலும் இப்படித்தான்: சில முகங்கள் ஆளையே எழுப்பி உட்கார வைக்கின்றன, சில வெறும் சாயல். அச்சு ஊடகம் கலைஞனை வாழவைத்ததைப்போலவே களைப்படையவும் வைத்தது. அவர் வண்ணத்தை நோக்கிப் போனதற்கு இந்தக் களைப்பும் ஒரு காரணம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

இனி வண்ணம். 1970களிலிருந்து அவர் எண்ணெய் வண்ணத்தில் அரூபமாக வரையத் தொடங்கினார். கத்தியால் அடுக்கடுக்காகப் பூசி, நீலத்துக்குள் இருந்து மஞ்சள் எட்டிப்பார்க்க, பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு வெடிக்க, நிலமோ நீரோ ஆகாயமோ என்று சொல்ல முடியாத பரப்புகள். பார்க்க நன்றாக இருக்கின்றன. அடுக்கின் பதம் தெரிந்த கை. நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவருக்கு ஒரு நிறத்துக்கு அடுத்து எந்த நிறம் உட்காரும் என்று தெரியாமல் இருக்குமா?

சங்கடம் என்னவென்றால், இந்தக் களத்தில் அவருக்கு முன்னாலேயே ஆட்கள் நிற்கிறார்கள். காய்தோண்டே (1924–2001) கத்தியும் உருளையும் வைத்துச் செய்த கான்வாஸ்களில் வண்ணம் உள்ளிருந்து ஒளிரும். 2014இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. ராம்குமாரின் காசி ஓவியங்களில் ஊர் உருவம் இழந்து வெறும் பாளங்களாவதை நம் கண்முன்னே பார்க்கலாம். சென்னையிலேயே அச்சுதன் கூடல்லூர் இருந்தார். இவர்களோடு நிறுத்தும்போது ஆதிமூலத்தின் கான்வாஸ் நல்ல சபையில் நல்ல உறுப்பினர். கறுப்பு மையில் அவர் உறுப்பினர் இல்லை, அவரே சபை.

ஏன் இப்படி? எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்ல இன்னொரு ஓவியரைக் கூப்பிட வேண்டும், இவர் எங்கள் மாவட்டத்துக்காரர். ஏ.பி. சந்தானராஜ், 1932இல் திருவண்ணாமலையில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, முதல்வராகவும் இருந்து, 2009இல் மறைந்தவர். சந்தானராஜின் கான்வாஸில் கோடும் வண்ணமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை. கோடு வண்ணத்துக்குள் பாய்கிறது, வண்ணம் கோட்டைத் துரத்துகிறது; உருவம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு திணறுகிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் காலத்திலிருந்து சென்னை ஓவியர்களின் சொத்து என்று பேசப்பட்டது கோடு. சந்தானராஜ் அந்தச் சொத்தைக் கான்வாஸுக்கு எடுத்துப் போனார். ஆதிமூலம் அதைத் தாளிலேயே வைத்துவிட்டு, பெரும்பாலும் வெறுங்கையோடு கான்வாஸுக்குப் போனார். கறுப்பில் கோடு, வண்ணத்தில் பரப்பு என்று தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். தன் பலத்தை வேண்டுமென்றே துறப்பதில் ஒரு வீரம் உண்டுதான். அந்த வீரத்துக்காக ஓவியத்தைக் கூடுதலாக மதிப்பிட முடியாது. ராஜாக்களின் முகத்தைக் கலைத்த அந்தப் பதற்றக் கோடு எண்ணெய் வண்ணத்துக்குள் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஏக்கம் அந்தக் கான்வாஸ்கள் முன்னால் வராமல் இருப்பதில்லை.

எதிர்வாதம் ஒன்றைத் தட்டிக்கழிக்க முடியாது. பத்திரிகைப் படம் இன்னொருவர் எழுத்தை அண்டி நிற்பது. அரூப ஓவியம் எதையும் அண்டாதது. சுதந்திரமான கலைதானே உயர்ந்தது என்பார்கள். கோட்பாடாகக் கேட்க நன்றாக இருக்கிறது. கி.ரா.வின் எழுத்துக்குப் பக்கத்தில் நின்றபோது ஆதிமூலத்தின் கோடு அடங்கிப்போகவில்லை. எதிர்ப்பு இருக்கிற இடத்தில்தான் அது விறைத்து நின்றது. எழுத்து, மலிவுத் தாள், லைன் பிளாக், காலக்கெடு, இவையெல்லாம் அவருக்குத் தடைகள். எல்லாத் தடையும் நீங்கிய கான்வாஸில் அந்த விறைப்பு குறைந்தது. இது எல்லாக் கலைஞனுக்கும் பொருந்தும் விதி அல்ல. காய்தோண்டேக்குச் சுதந்திரம் ஒத்துக்கொண்டது. ஆதிமூலத்துக்கு நெருக்கடி ஒத்துக்கொண்டது.

ஊடகங்களை விட்டுப் படங்களைத் தனித்தனியாக எடுத்தால் என் வரிசை இதுதான். முதலில் மகாராஜாக்கள். இரண்டாவது கரிசல் படங்கள். மூன்றாவது காந்தி வரிசையில் ஒரு முப்பது படம். நான்காவது தலைப்பெழுத்துகள். எண்ணெய் வண்ணத்தில் உருவத்தை முழுக்கக் கைவிடாமல் நிலக்காட்சியின் ஞாபகம் மிச்சமிருக்கிற சில கான்வாஸ்கள் ஐந்தாவதாக. மற்றவை அவருடைய காலத்தின் நல்ல ஓவியங்கள், அவ்வளவே.

இந்த வரிசையை ஒப்புக்கொண்டால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அது பதிப்பாளர்களுடையது. இப்போது மறுபதிப்புகளில் இந்தப் படங்களைப் பழைய பக்கத்திலிருந்தே ஸ்கேன் செய்து சாம்பல் படமாக அடித்துவிடுகிறார்கள். கோடு முழுக்கப் பொடிப் புள்ளிகளாக உடைந்து, கறுப்பு நரைத்து, வெள்ளை அழுக்காகி, நடுவில் இருந்த காற்று காணாமல்போய்விடுகிறது. கான்வாஸை அழகான வண்ணத் தாளில் அச்சிடச் செலவழிக்கிறவர்கள், கோட்டோவியத்தை முழுக் கறுப்பாக, உயர்ந்த நுணுக்கத்தில் ஸ்கேன் செய்து, நடுத்தரத் தாளில் அடித்தால் போதும். செலவு கான்வாஸ் பக்கத்தில் கால்வாசிகூட ஆகாது. கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூட நூலகம்கூட அதை வாங்கலாம்.